சாம்பியன் டீம் 2 முறை கீழே போனது எப்படி? லெஸ்டர் சிட்டி வீழ்ச்சிக்கு யார் காரணம்? - விரிவான அலசல்

2025 மே 25-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்தில் குஜராத் டைட்டன்ஸை 83 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தியது சென்னை சூப்பர் கிங்ஸ். ஆனாலும் புள்ளிப் பட்டியலில் 10-வது இடம். ஐபிஎல் வரலாற்றில் சிஎஸ்கே கடைசி இடத்தில் சீசனை முடித்தது இதுவே முதல்முறை.

அதே நாளில் இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி, போர்ன்மவுத்திடம் 2-0 எனத் தோற்று பிரீமியர் லீக்கிலிருந்து விடைபெற்றது. 20 அணிகளில் 18-வது இடம்.

சிஎஸ்கே ரசிகர்களுக்கு மனசு கஷ்டம்தான். ஆனா அடுத்த வருஷமும் அதே சேப்பாக்கம், அதே மஞ்சள் ஜெர்சி, எதிரே அதே மும்பை, அதே பெங்களூரு. லெஸ்டர் ரசிகர்களுக்கு அந்த வசதி இல்லை. அடுத்த சீசனில் அவர்களுடைய டீம் ஆட வேண்டியிருந்தது இரண்டாம் நிலை லீக்கில். லிவர்பூல் வராது, ஆர்சனல் வராது, டிவி பணமும் பழையபடி வராது.

மூன்று சீசன்களுக்குள் லெஸ்டருக்கு இது இரண்டாவது அடி. 2023-ல் கீழே போனார்கள், 2024-ல் மேலே வந்தார்கள், 2025-ல் மறுபடியும் கீழே. இத்தனைக்கும் 2016-ல் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கி உலகத்தையே வாயடைக்க வைத்த டீம் இது. அந்த சீசன் தொடங்கும்போது லெஸ்டர் ஜெயிக்கும் என்று 1 பவுண்டு கட்டினால் 5,000 பவுண்டு தருகிறோம் என்று பந்தய நிறுவனங்கள் அறிவித்திருந்தன. அந்த அளவுக்கு யாரும் எதிர்பார்க்காத வெற்றி.

அப்படிப்பட்ட டீம் இப்படி ஆனதற்கு யார் காரணம்? பிளேயர்களா, கோச்சா, முதலாளியா, இல்லை வெறும் துரதிர்ஷ்டமா? ஒவ்வொருத்தராகப் பார்க்கலாம்.

முதலில், ரெலிகேஷன் என்றால் என்ன?

ஐபிஎல்-ல் கடைசி இடம் பிடித்தால் ஒன்றும் ஆகாது. இங்கிலாந்து கால்பந்தில் அப்படி இல்லை. பிரீமியர் லீக்கில் ஒவ்வொரு சீசனும் கடைசி மூன்று இடங்களைப் பிடிக்கும் அணிகள், அடுத்த நிலையான சாம்பியன்ஷிப் லீக்குக்கு இறக்கப்படும். அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வரும். இந்தக் கீழிறக்கத்துக்குத்தான் ரெலிகேஷன் என்று பெயர்.

சிம்பிளாகச் சொன்னால், பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆனவரை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்புவது மாதிரி. கூடவே அவருடைய பாக்கெட் மணியையும் பாதிக்கு மேல் வெட்டுவது மாதிரி!

பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடிக்கும் அணிக்கே லீக் நிர்வாகத்திடமிருந்து 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. நம்ம ஊர் கணக்கில் 1,100 கோடி ரூபாய்க்கும் அதிகம். கீழே போனால் இது ஒரே அடியாகக் குறையும். அந்த அடியைத் தாங்க 'பாராசூட் பேமென்ட்' என்று ஓர் உதவித்தொகை உண்டு. எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரியும் டிவி பங்கில் முதல் வருஷம் 55 சதவீதம், இரண்டாம் வருஷம் 45 சதவீதம், மூன்றாம் வருஷம் 20 சதவீதம் தருவார்கள். மேலே வந்த முதல் சீசனிலேயே திரும்பக் கீழே போகும் டீமுக்கு அந்த மூன்றாம் வருஷமும் கிடையாது. 2025-ல் லெஸ்டர் அந்த நிலையில்தான் இருந்தது.

வருமானம் குறைந்தால் நட்சத்திர வீரர்களை விற்க வேண்டும். பெரும்பாலும் அலுவலகத்தில், கேன்டீனில், டிக்கெட் கவுன்டரில் வேலை பார்ப்பவர்களின் வேலைக்கும் ஆபத்து. அதனால்தான் 'யார் காரணம்' என்ற கேள்வி அங்கே வெறும் டீக்கடை விவாதமாக நிற்பதில்லை.

குற்றச்சாட்டு 1: அந்த ஒரு பெனால்டி

2023 மே 1. லெஸ்டரின் சொந்த மைதானம். எதிரே எவர்ட்டன். இரண்டுமே கீழே போகும் அபாயத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த அணிகள். லெஸ்டர் 2-1 என முன்னிலை. முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் லெஸ்டருக்கு ஒரு பெனால்டி.

பந்தை எடுத்து வைத்தவர் ஜேம்ஸ் மேடிசன். நேராக நடுவில் அடித்தார். மேடிசன் பெனால்டியை எங்கே அடிப்பார் என்று படித்துவிட்டு வந்திருந்த எவர்ட்டன் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டு, இடத்தை விட்டு நகரவே இல்லை. பந்தைத் தடுத்துவிட்டார். இரண்டாம் பாதியில் எவர்ட்டன் ஒரு கோல் அடிக்க, ஆட்டம் 2-2 என டிரா.

சீசன் முடிவில் எவர்ட்டன் 36 புள்ளிகள், லெஸ்டர் 34 புள்ளிகள். எவர்ட்டன் தப்பித்தது, லெஸ்டர் கீழே போனது.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அந்த ஆட்டத்தில் லெஸ்டர் ஜெயித்திருந்தால் லெஸ்டருக்கு 36, எவர்ட்டனுக்கு 35. அப்படியே தலைகீழ்! அப்போ மேடிசன்தான் காரணமா?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த சீசனில் லீக்கில் 10 கோல் அடித்து, 9 கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவரும் இதே மேடிசன்தான். அவர் இல்லையென்றால் அந்த டீம் மே மாதம் வரை போராடியே இருக்காது. ஒரு வீட்டுக்கு மாதாமாதம் சம்பாதித்துப் போட்டவர், ஒருநாள் பர்ஸைத் தொலைத்துவிட்டார். வீடு திவாலானதற்கு அந்தப் பர்ஸ்தான் காரணம் என்று சொல்ல முடியுமா?

இன்னொரு புள்ளிவிவரம். 2022-23 சீசனில் லெஸ்டர் அடித்தது 51 கோல். தப்பித்த எவர்ட்டன் அடித்தது வெறும் 34. அந்த வருஷம் செல்சியே 38 கோல்தான் அடித்தது. ஆக, முன்னால் நின்று கோல் அடித்தவர்களிடம் பெரிய குறை இல்லை. ஓட்டை இருந்தது பின்னால். வாங்கிய கோல்கள் 68.

பின்னால் ஏன் ஓட்டை விழுந்தது? பதில் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. அதற்கு முன்னால் கோச்சையும் பார்த்துவிடுவோம்.

குற்றச்சாட்டு 2: கோச் என்ன செய்தார்?

டீம் தோற்றால் முதலில் போகும் தலை கோச்சுடையது. உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

பிரெண்டன் ராட்ஜர்ஸ் 2019 பிப்ரவரியில் லெஸ்டருக்கு வந்தார். 2019-20, 2020-21 என இரண்டு சீசன்களிலும் 5-வது இடம். 2021 மே மாதம் செல்சியை 1-0 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்றார்கள். கிளப்பின் வரலாற்றிலேயே அதுதான் முதல் எஃப்.ஏ. கோப்பை. அடுத்த வருஷம் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக்கில் அரையிறுதி. சாதாரண ரெக்கார்டு இல்லை.

ஆனால் 2022-23 சீசனில் முதல் 7 ஆட்டங்களில் ஒரு டிரா, 6 தோல்வி. டீமுக்குப் புது ரத்தம் வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அதில் நியாயம் இருந்தது. அதே நேரம், கையில் இருந்த வீரர்களை வைத்துத் தற்காப்பைச் சரிசெய்யவும் அவரால் முடியவில்லை. அந்தப் பழி அவருக்குச் சேர வேண்டியதுதான்.

2023 ஏப்ரல் 2-ம் தேதி அவர் வெளியேறினார். அப்போது 28 ஆட்டங்களில் 25 புள்ளிகள், 19-வது இடம்.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கோச்சை அனுப்பிய நிர்வாகத்திடம், அடுத்த கோச் தயாராக இல்லை. துணைப் பயிற்சியாளர்களை வைத்து இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள். இரண்டுமே சொந்த மைதானத்தில். அதில் ஒன்று, போட்டியில் பக்கத்தில் இருந்த போர்ன்மவுத்துக்கு எதிரானது. இரண்டிலும் தோல்வி. கிடைத்த புள்ளி பூஜ்யம்.

ஏப்ரல் 10-ம் தேதி டீன் ஸ்மித் வந்தார். மீதமிருந்தது 8 ஆட்டங்கள். 9 புள்ளிகள் எடுத்தார். போதவில்லை. கடைசி நாளில் லெஸ்டர் வெஸ்ட் ஹாமை 2-1 என வென்றது. இடைவேளையின்போது லெஸ்டர் பாதுகாப்பான இடத்தில் இருந்தது. ஆனால் இன்னொரு மைதானத்தில் எவர்ட்டனின் டூகூரே ஒரு கோல் அடித்தார். கதை முடிந்தது.

வித்தியாசம் 2 புள்ளி. கோச் இல்லாமல் ஆடிய இரண்டு ஆட்டங்களில் 6 புள்ளிகள் போயிருக்கின்றன. மேடிசனின் பெனால்டியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இந்த 6 புள்ளிகளை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

உண்மையில் லெஸ்டர் எப்போது விழ ஆரம்பித்தது?

லெஸ்டரின் வெற்றிக்குப் பின்னால் ஒரு எளிமையான பிசினஸ் மாடல் இருந்தது. யாருக்கும் தெரியாத வீரரைக் குறைந்த விலைக்கு வாங்கு, வளர்த்துவிடு, வருஷத்துக்கு ஒருவரைப் பெரிய விலைக்கு விற்றுவிடு. அந்தப் பணத்தில் அடுத்த ஆளை வாங்கு.

2016-ல் கான்டே செல்சிக்குப் போனார். 2017-ல் டிரிங்க்வாட்டர். 2018-ல் மஹ்ரெஸ், சுமார் 60 மில்லியன் பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டிக்கு. 2019-ல் ஹாரி மகுவையர், சுமார் 80 மில்லியனுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. 2020-ல் சில்வெல் செல்சிக்கு. ஒவ்வொரு வருஷமும் ஒருவர். கடிகாரம் மாதிரி ஓடியது.

2021-ல் அந்தக் கடிகாரம் நின்றது. எஃப்.ஏ. கோப்பை ஜெயித்த சந்தோஷத்தில் அந்த வருஷம் பெரிய வீரர் யாரையும் விற்கவில்லை. மாறாக டாகா, சூமாரே, வெஸ்டர்கார்ட் என வாங்கினார்கள். எல்லாரையும் வைத்துக்கொண்டு சாம்பியன்ஸ் லீக்குக்குள் நுழைந்துவிடலாம் என்பது திட்டம். அங்கே நுழைந்தால் பெரும்பணம் வரும். ஆனால் அதற்கு முன்பே இரண்டு சீசன்களில், கடைசி நாளில் அந்த வாய்ப்பு நழுவியிருந்தது. 2021-22-ல் 8-வது இடம்தான் கிடைத்தது.

வருமானம் வரவில்லை. செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2022-23 கணக்கறிக்கையைப் பாருங்கள். கிளப்பின் மொத்த வருமானம் சுமார் 177 மில்லியன் பவுண்டு. சம்பளச் செலவு சுமார் 206 மில்லியன் பவுண்டு.

அதாவது, 100 ரூபாய் சம்பாதித்து, சம்பளத்துக்கு மட்டும் 116 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். கரன்ட் பில், பயணச் செலவு, வீரர்களை வாங்கிய தவணை எல்லாம் தனி. அந்த வருஷ நஷ்டம் 89.7 மில்லியன். அதற்கு முந்தைய வருஷ நஷ்டம் 92.5 மில்லியன்.

அதே சீசனில், லெஸ்டரின் சம்பளச் செலவில் ஏறக்குறைய பாதியை மட்டுமே செலவழித்த பிரென்ட்ஃபோர்டு 59 புள்ளிகளுடன் 9-வது இடம் பிடித்தது. பணம் இல்லாமல் லெஸ்டர் விழவில்லை. பணத்தைச் செலவழித்த விதத்தில் விழுந்தது.

இப்போது முன்பு விட்ட கேள்விக்கு வருவோம். பின்னால் ஏன் ஓட்டை?

2022 கோடையில் கையில் காசு இல்லை. 2016 சாம்பியன் டீமின் கோல்கீப்பரான காஸ்பர் ஷ்மைகேல் பிரான்ஸின் நீஸ் அணிக்குப் போனார். அவருக்குப் பதிலாக அதே தரத்தில் யாரையும் வாங்கவில்லை, பெஞ்சில் இருந்த டேனி வார்டை நிறுத்தினார்கள். தற்காப்பின் தூணான வெஸ்லி ஃபொஃபானாவை சுமார் 70 மில்லியனுக்கு செல்சிக்கு விற்றார்கள். அதுவும் ஆகஸ்ட் கடைசியில், வீரர்களை வாங்க விற்க அனுமதிக்கும் காலம் முடியும் தறுவாயில். மாற்றாக வந்தவர் வவுட் ஃபாஸ். அந்தக் கோடையில் கோல்கீப்பர் அல்லாத வீரர்களில் லெஸ்டர் வாங்கியது அவர் ஒருவரை மட்டும்தான்.

இன்னொரு பக்கம், டீலமன்ஸ், சோயுன்ஜு போன்றவர்களின் ஒப்பந்தம் முடியப்போவது முன்பே தெரியும். சரியான நேரத்தில் விற்றிருந்தால் பணம் வந்திருக்கும். விற்கவும் இல்லை, புதுப்பிக்கவும் முடியவில்லை. 2023 கோடையில் இருவரும் ஒரு பைசா கொடுக்காமல் வெளியேறினார்கள். எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் அந்த ஒரே கோலை அடித்தவர் டீலமன்ஸ்!

ஆக, மேடிசன் பெனால்டி அடிக்கப் போனது 2023 மே மாதம். ஆனால் அந்தப் பெனால்டி வாழ்வா சாவா என்று ஆகும் நிலைக்கு டீமைக் கொண்டுவந்தது 2021-லும் 2022-லும் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள்.

குற்றச்சாட்டு 3: மேசையில் உட்கார்ந்தவர்கள்

யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதைப் பார்க்க இங்கிலாந்து கிளப்களில் கால்பந்து இயக்குநர் என்று ஒரு பதவி உண்டு. லெஸ்டரில் 2014 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜான் ரட்கின். அவருக்கு மேலே கிளப்பின் தலைவர் அய்யாவத் ஸ்ரீவத்தனபிரபா. தாய்லாந்தைச் சேர்ந்த கிங் பவர் டியூட்டி ஃப்ரீ நிறுவனத்தின் குடும்பம்.

இந்த இருவரையும் ஒரே வரியில் வில்லன் ஆக்கிவிட முடியாது.

அய்யாவத்தின் அப்பா விச்சாய்தான் 2010-ல் இந்த கிளப்பை வாங்கியவர். இரண்டாம் நிலை லீக்கில் கிடந்த டீமை இங்கிலாந்து சாம்பியன் ஆக்கியவர். 2018 அக்டோபர் 27-ம் தேதி, ஆட்டம் முடிந்து மைதானத்திலிருந்து கிளம்பிய அவருடைய ஹெலிகாப்டர் வெளியே விழுந்து நொறுங்கியதில் அவர் உட்பட 5 பேர் உயிரிழந்தனர். லெஸ்டர் நகரமே அழுதது. மகன் பொறுப்புக்கு வந்தார்.

மகனும் கிளப்பைக் கைவிடவில்லை. சுமார் 100 மில்லியன் பவுண்டில் புதிய பயிற்சி மையம் கட்டினார்கள். கிளப் கொடுக்க வேண்டிய 194 மில்லியன் பவுண்டு கடனை 2023-ல் பங்காக மாற்றி, கடன் சுமையை இறக்கினார்கள். நடுவில் கொரோனா வந்தது. விமான நிலையங்கள் காலியாகின. டியூட்டி ஃப்ரீ கடைகளை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

ரட்கின் விஷயத்திலும் இதே சிக்கல்தான். ரசிகர்கள் அவரைப் போகச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். ஆனால் 2016 கோப்பையின்போதும், 2021 கோப்பையின்போதும் அதே நாற்காலியில் இருந்தவர் அவர்தான். ஜெயித்ததில் பங்கு உண்டென்றால், தோற்றதில் மட்டும் எல்லாமும் அவர் தலையிலா?

நியாயமான கேள்வி. ஆனால் அதே நியாயத்தைத் திருப்பிப் போட்டும் கேட்கலாம். ஜெயித்தபோது பங்கு இருந்தது என்றால், தோற்றபோதும் பங்கு உண்டுதானே? பிளேயர் விலை கொடுத்தார், கோச் விலை கொடுத்தார். மேசையில் இருந்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்?

குற்றச்சாட்டு 4: ரூல்ஸ் சரியில்லையா?

லெஸ்டர் ரசிகர்கள் ஆதங்கத்தோடு சொல்லும் ஒரு விஷயம் உண்டு. அதையும் பார்த்துவிடலாம்.

அப்போதைய விதிப்படி பிரீமியர் லீக் அணிகள் மூன்று வருஷத்தில் அதிகபட்சம் 105 மில்லியன் பவுண்டு வரைதான் நஷ்டம் காட்ட முடிந்தது. எவர்ட்டன் 2021-22 வரையிலான கணக்கில் அந்த வரம்பை 19.5 மில்லியன் தாண்டியது. அதற்காக 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன, மேல்முறையீட்டில் அது 6 ஆனது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தது 2023 நவம்பரில். அதாவது, லெஸ்டர் கீழே போய் ஆறு மாதம் ஆன பிறகு!

அந்த 6 புள்ளிகளை 2022-23 சீசனிலேயே குறைத்திருந்தால் எவர்ட்டன் 30, லெஸ்டர் 34. லெஸ்டர் தப்பித்திருக்கும். கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. அதே நஷ்ட வரம்பை 2022-23 வரையிலான கணக்கில் லெஸ்டரும் தாண்டியதாக பிரீமியர் லீக் குற்றம் சாட்டியது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டுக் குழுவில் லெஸ்டர் ஜெயித்தது. எப்படித் தெரியுமா? அந்தக் கணக்காண்டு முடியும்போது நாங்கள் ஏற்கெனவே கீழே போய்விட்டோம், பிரீமியர் லீக் உறுப்பினராகவே இல்லை, எனவே எங்கள் மேல் நடவடிக்கை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்ற வாதத்தில்.

எவர்ட்டன் ரூல்ஸை மீறித் தப்பித்தது என்று சொல்லும் உரிமை லெஸ்டர் ரசிகருக்கு உண்டு. லெஸ்டர் நிர்வாகத்துக்கு அது கொஞ்சம் கஷ்டம்!

2025: அதே பரீட்சை, அதே மார்க்

யார் காரணம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆளாக மாற்றிப் பார்க்க வேண்டும். யாரை மாற்றியும் ரிசல்ட் மாறவில்லையென்றால், பிரச்னை அவர்களிடம் இல்லை. வழக்கமாக இப்படி ஒரு சோதனை செய்ய வாய்ப்பு கிடைக்காது. லெஸ்டர் விஷயத்தில் கிடைத்தது.

2023-க்குப் பிறகு மேடிசன் டோட்டன்ஹாமுக்கும், ஹார்வி பார்ன்ஸ் நியூகாசிலுக்கும் போனார்கள். புதிய கோச் என்ஸோ மரேஸ்கா வந்தார். 97 புள்ளிகளுடன் இரண்டாம் நிலை லீக்கில் சாம்பியன் ஆகி லெஸ்டர் மேலே வந்தது. வந்த கையோடு மரேஸ்காவை செல்சி தூக்கிக்கொண்டது. முக்கிய வீரர் டியூஸ்பரி-ஹாலும் அவர் பின்னாலேயே செல்சிக்குப் போனார்.

அடுத்து ஸ்டீவ் கூப்பர். 12 ஆட்டங்களில் 10 புள்ளிகள், 16-வது இடம். அதாவது, கீழே போகும் மூன்று இடங்களுக்கு வெளியே. அந்த நிலையில் 2024 நவம்பரில் அவரை அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் ரூட் வான் நிஸ்டல்ராய். கூப்பர் போன பிறகு நடந்த 26 ஆட்டங்களில் கிடைத்தது மொத்தம் 15 புள்ளிகள்.

நடுவில் சொந்த மைதானத்தில் தொடர்ந்து 9 லீக் ஆட்டங்களில் தோல்வி. அந்த ஒன்பதிலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஒன்பதாவது ஆட்டம் ஏப்ரல் 20-ம் தேதி லிவர்பூலுடன். 1-0 தோல்வி. அன்றைக்கே ரெலிகேஷன் உறுதியானது, இன்னும் 5 ஆட்டங்கள் மீதம் இருக்கும்போதே.

பிளேயர்களில் பாதிக்கு மேல் மாறினார்கள். கோச் நாற்காலியில் ராட்ஜர்ஸ், ஸ்மித், மரேஸ்கா, கூப்பர், வான் நிஸ்டல்ராய் என ஐந்து பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். மாறாதது தலைவரும் கால்பந்து இயக்குநரும்தான். முடிவு, அதே 18-வது இடம்.

இங்கே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023-24-ல் மேலே வந்த மூன்று அணிகளும் உடனே கீழே போயின. 2024-25-ல் மேலே வந்த லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் உடனே கீழே போயின. இரண்டு லீக்குக்கும் இடையிலான பண இடைவெளி அந்த அளவுக்கு இருக்கிறது. எனவே 2025-ன் முழுப் பழியையும் லெஸ்டர் நிர்வாகத்தின் மேல் போட முடியாது. ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் முதலில் இறங்கியதே 2023-ல்தானே? அப்போது லெஸ்டர் புதிதாக மேலே வந்த ஏழை டீம் இல்லை. 206 மில்லியன் சம்பளம் கொடுத்த டீம்.

ரசிகர்களுக்குப் பங்கு உண்டா?

இதையும் சிலர் கேட்கிறார்கள். பெரிய வீரர்களை விற்காதே என்று கத்தியது ரசிகர்கள்தானே? சாம்பியன்ஸ் லீக் கனவு கண்டதும் அவர்கள்தானே?

கனவு காண்பது ரசிகரின் வேலை. கணக்குப் பார்ப்பது நிர்வாகத்தின் வேலை. 32,000 பேருக்கு மேல் உட்காரும் கிங் பவர் மைதானத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் டீலமன்ஸின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. ஆனால் டீம் கீழே போனால் விலை கொடுப்பவர்களில் முதல் ஆள் அவர்தான். பிளேயருக்கு வேறு கிளப் கிடைக்கும். கோச்சுக்கு வேறு வேலை கிடைக்கும். மைதானத்துக்கு வெளியே கடை போட்டிருப்பவரும், தாத்தா காலத்திலிருந்து அதே டீமுக்குக் கைதட்டும் குடும்பமும் எங்கே போவார்கள்?

அப்போ, யார்தான் காரணம்?

ஒரு டீம் கீழே போகும்போது யாரைக் குறை சொல்வது என்று முடிவு செய்ய மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இரண்டு, தவறைத் திருத்திக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது? மூன்று, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடிந்ததா?

மேடிசனுக்கு அதிகாரம் ஒரு உதைக்கு மட்டும். நேரம் சில விநாடி. டீன் ஸ்மித்துக்கு 8 ஆட்டங்கள். ராட்ஜர்ஸுக்கு அதைவிட அதிக நேரமும் அதிகாரமும் இருந்தது, அதனால் அவர் மேல் பழியும் கூடுதல். ஆனால் சம்பளப் பட்டியலும், ஒப்பந்தம் முடியும் தேதியும், வரவு செலவுக் கணக்கும் வருஷக்கணக்கில் யார் மேசையில் இருந்தனவோ, மூன்று கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் போய் முடிகிறது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. நல்ல எண்ணத்தோடு, நம்பிக்கையோடு, கணக்குப் பார்க்காமல் செய்தார்கள்.

'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று நம்ம ஊரில் சொல்வார்கள். டிவி கேமரா காட்டுவது பெனால்டியைத் தவறவிட்டவரின் முகத்தை. ஒப்பந்தக் கோப்பு மேசையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வருஷத்தை எந்த கேமராவும் காட்டாது. அதனால் பழி எப்போதும் கடைசியாகப் பந்தைத் தொட்டவர் மேல் விழுகிறது.

அதனால் ஒரு நஷ்டமும் இருக்கிறது. தப்பான ஆளை மாற்றினால் தப்பு அப்படியே இருக்கும். 2023-ல் கோச் போனார், பிளேயர்கள் போனார்கள், கணக்கு தீர்ந்துவிட்டது என்று லெஸ்டர் நினைத்தது. இரண்டே வருஷத்தில் பில் திரும்ப வந்துவிட்டது.

2025 மே 18-ம் தேதி இப்ஸ்விச்சுக்கு எதிரான ஆட்டம். 2016 சாம்பியன் டீமில் இருந்தவரும், லெஸ்டர் ரசிகர்களின் செல்லப்பிள்ளையுமான ஜேமி வார்டிக்கு லெஸ்டர் ஜெர்சியில் அது 500-வது ஆட்டம், அதுவே கடைசி ஆட்டமும்கூட. அதில் தன் 200-வது கோலை அடித்தார். டீம் ஏற்கெனவே கீழே போய் நாலு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் மைதானம் எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்த சீசனும் அந்த மக்கள் வருவார்கள். மேசையில் உட்காரப்போவது யார் என்பதுதான் அப்போது லெஸ்டரில் எல்லோரும் கேட்ட கேள்வி.